நாற்பதில் மூன்று

திருவொற்றியூரில் வெல்டிங்கைச் சோதிக்கும் கூடம் ஒன்றில் சங்கமித்ராவுக்கு வேலை. எரிவாயுக் குழாய்களின் எக்ஸ்ரே படங்களைக் கணினியில் ஏற்றினால், இணைப்புக்குள் இருக்கும் துளைகளை மென்பொருள் அளந்து சொல்லும். நேற்று அவள் நாற்பது படங்களை அளந்தாள். அவற்றில் மூன்று தேறவில்லை. இன்று காலை, குழாய் பதிக்கும் கம்பெனிக்கு அனுப்ப அவள் பெயரோடு தயாராக இருந்த எக்செல் கோப்பில் முப்பத்தேழு வரிகளே இருந்தன.

மேலாளர் பக்தவச்சலத்தின் மேசைக்குப் போனாள்.

"சார், அந்த மூணு இன்னா ஆச்சு?"

"எக்ஸ்போர்ட் பண்றப்ப அந்த மூணுக்கும் டிக் எடுத்துட்டேம்மா. படம் மங்கலா கீது."

"ஓட்டை தெளிவா தெரியுது சார். வெடிச்சா பக்கத்துல நிக்கிறவன் செத்துடுவான். கோப்புல என் பேரு கீது."

"வெல்டு பண்ண கான்ட்ராக்டர் அவசரப்படுறாரு. உனக்கு இன்னாத்துக்கு பேஜாரு?"

அவள் தன் இடத்துக்குத் திரும்பி, நாற்பதையும் தேர்ந்தெடுத்து எக்ஸ்போர்ட் செய்தாள். அந்த மூன்று படங்களையும் சேர்த்துக் கம்பெனிக்கே நேராக அனுப்பினாள்.

மதியம் பதில் வந்தது. மூன்றையும் அறுத்து மறுபடி வெல்டு செய்யச் சொல்லியிருந்தார்கள். பக்தவச்சலம் அவளை முறைத்துவிட்டு வெளியே போனார்.

அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. தன் பெயரில் ஏற்கெனவே போன பழைய கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, வரிகளை எண்ணத் தொடங்கினாள்.