சம்பந்தி வீட்டுச் சுவரில் அப்பா

எங்கள் ஊரில் கோடையில் சாலைத் தார் உருகும். குளிர்காலத்தில் குழாய் உறைந்து வெடிக்கும். இந்த ஊரில் வீடுகளை வெயிலில் குளிரவும் பனியில் சூடாகவும் வைத்துப் பேர் வாங்கியது எங்கள் குடும்பம். தொடங்கியவர் என் அப்பா. இப்போது என் மகள், தன் மாமனார் கட்டிய புது வீட்டுக்கே குளிர், சூட்டு ஏற்பாடு எல்லாவற்றையும் வடிவமைத்திருந்தாள்.

குடிபுகுந்த அன்று வெளியே கடும்பனி. உறவெல்லாம் கூடியிருக்க, கூடம் ஐஸ் பெட்டி போலக் கிடந்தது. சம்பந்தியின் தங்கை எனக்கொரு சால்வையை நீட்டினார். நான் வாங்கவில்லை. மகள் வேலை செய்த வீட்டில் தகப்பன் போர்த்திக்கொண்டு உட்காருவதா? பல் தந்தியடிக்க, நிமிர்ந்தே இருந்தேன்.

“சம்பந்தி, உங்க பொண்ணு கோடைக்கு மட்டும்தான் கணக்குப் போட்டுச்சோ?” என்றார் கோட்டுக்குள்ளிருந்து சம்பந்தி.

எல்லாரும் சிரித்தார்கள். மகள் முகம் வாடியது. இந்தப் பேச்சு வெளியே போனால், அவளை நம்பி இனி யார் வீட்டைக் கொடுப்பார்கள்?

கீழ்த்தளத்துக்குப் போய், வீட்டைச் சூடாக்கும் இயந்திரத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். பழுதில்லையாம், வீடு சூடாகிவிட்டது என்று எண்ணி அதுவே நின்றுவிட்டதாம். அறையின் வெப்பத்தை அறிந்து அதற்குச் சொல்லும் சின்னப் பெட்டியைக் கூடத்துச் சுவரில் பொருத்தியிருந்தாள். அந்தச் சுவரைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

அங்கே என் அப்பா இருந்தார். ஆளுயரப் படம், சட்டத்துக்குள் வரிசையாக விளக்குகள். அன்று காலை, அவள் மாடியில் இருந்தபோது நானே மாட்டிய பரிசு. என் காலத்துப் பெட்டிகள் தட்டு அகலம் இருக்கும். தீப்பெட்டி அளவில் ஒட்டிக்கொண்டிருந்ததை நான் எதற்கு மதிக்க வேண்டும்?

மகள் என் காதோரம் குனிந்தாள்.

“அப்பா, தாத்தாவோட விளக்குச் சூட்டுல பெட்டி வேகுது. வீடே வெந்துடுச்சுன்னு நினைக்குது. அவரைக் கொஞ்சம் இறக்கணும்.”

மாப்பிள்ளை ஸ்டூலோடு வந்தார். என் அப்பா மேல் வேறொருவர் கை படுவதா? நானே ஏறி, அத்தனை பேர் பார்க்க இறக்கினேன்.

“பொண்ணு கணக்கு சரிதான், சம்பந்தி. மறைச்சு மாட்டினது நான்,” என்றேன்.

கொஞ்ச நேரத்தில் கீழே இயந்திரம் உறுமியது. வெதுவெதுப்பான காற்று காலைத் தொட்டது.

“எதிர்ச் சுவத்துல மாட்டுங்க,” என்றார் சம்பந்தி. “பேத்தி வேலைய பெரியவரும் பார்க்கட்டும்.”

முதலில் அவர்தான் கோட்டைக் கழற்றினார். அப்புறம் ஒவ்வொருவராக. கழற்ற ஒன்றுமில்லாதவன் நான் ஒருவன்தான். நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன்.