சாமந்தி விளக்குகளுக்கு நடுவே ஒரு நெபுலா

அம்மா, அக்கா, போன வாரம் போனில் நான் சரியாகப் பேசவில்லை என்று கோபப்பட்டீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை, வேலைக்கும் ஒன்றுமில்லை. ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, அவ்வளவுதான். காரணம் எங்கள் வீட்டுக்கார அக்கா ஸூபின். நான் பார்த்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

ஸூபின் அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. அவருக்கும் கணவர் கென்ஷெங் அண்ணனுக்கும் சாமந்தி விவசாயம். நான் இருக்கும் இந்தத் தியான்வெய் ஊரில் யாரைக் கேட்டாலும் பூதான். ராத்திரி பத்து மணிக்கு வயல் முழுக்க விளக்கு போடுவார்கள், இரண்டு மணிக்கு அணைப்பார்கள். இரவு நீளமாக இருந்தால் செடி சீக்கிரம் மொட்டு வைத்துவிடும். புத்தாண்டுச் சந்தைக்குப் பூ வேண்டுமானால் அதன் இரவை நடுவில் வெட்டத்தான் வேண்டும். நான் நாலு வருடமாக ஜன்னலில் இரண்டு திரை தொங்கவிட்டிருப்பதும் அதனால்தான்.

இந்த வெளிச்சத்துக்கு நடுவில் இருந்துகொண்டு அக்கா வானத்தைப் படம் எடுக்கும் வகுப்பில் சேர்ந்தார். வியாழக்கிழமை சாயங்காலம் சமூகக் கல்லூரியில் நடக்கும். கடைசி வகுப்பில் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டிலிருந்து எடுத்த ஒரு படத்தைக் காட்ட வேண்டும். அங்கே ஜுவாங் என்று ஒருவர், ஓய்வு பெற்ற பல் டாக்டர். விலை உயர்ந்த கேமரா, இருட்டு வானம் தேடி மாதம் இரண்டு முறை மலைப் பயணம்.

"வீட்டுல இருந்து எடுக்கிறதெல்லாம் சும்மா, டீச்சர்," என்றாராம். "அதுலயும் பூக்காரங்க பக்கம் வீடுன்னா கேட்கவே வேணாம். ராத்திரியவே திருடுற கூட்டம் அது."

அக்கா எழுந்து நின்றாராம். "நான் அந்தக் கூட்டந்தான் சார். எங்க வீட்டு மாடியில இருந்தே நெபுலா எடுத்துட்டு வர்றேன். ஒரு விளக்கக்கூட அணைக்காம."

எல்லோரும் கை தட்டியிருக்கிறார்கள். அதுவரை அக்கா எடுத்திருந்தது நிலா மட்டும்தான்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் கென்ஷெங் அண்ணன் சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "விஞ்ஞானி அம்மா, நீ எடுத்த நிலாவே அவிச்ச முட்டை மாதிரி இருந்துச்சு!"

"அவிச்ச முட்டைதானே, கருகலையே," என்றார் அக்கா.

மூன்று வாரம் மேகம். டிசம்பர் பிறந்து, கடைசி வகுப்புக்கு முந்தைய செவ்வாய் ராத்திரி மட்டும் வானம் தெளியும் என்று முன்னறிவிப்பு. புதன்கிழமை மறுபடி மழை. ஆக ஒரே ஒரு ராத்திரி. அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் சிரிக்கவில்லை.

"நம்ம வயல்ல இன்னைக்கு விளக்கு போடாம விடுறேன். பக்கத்து வயல்காரர்கிட்டயும் பேசுறேன். பத்து மணிக்கே நீ ஆரம்பிச்சிடலாம். யாருக்குத் தெரியப் போகுது?"

"செடிக்குத் தெரியும். எனக்குத் தெரியும்," என்றார் அக்கா. "அத்தனை பேரு முன்னாடி நம்ம விளக்குக்காகப் பேசிட்டு வந்திருக்கேன். இப்ப அதையே அணைக்கச் சொல்றியா?"

பத்து மணிக்கு விளக்குகள் எரிந்தன.

அக்கா பதினோரு மணிக்கே மாடிக்குப் போய்விட்டார். அவர் இருட்டில் தடுக்கி விழுந்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். காலையில் எட்டு மணிக்குத் தொழிற்சாலை இருந்தும் பின்னாலேயே போனேன். மாடியில் இருட்டே இல்லை. கீழே வயல் வயலாக மஞ்சள் வெளிச்சம். மேலே வானமும் நீர்த்த தேநீர் நிறத்தில் இருந்தது.

கேமராவுக்கு அடியில் ஒரு சின்ன மோட்டார் பெட்டி உண்டு. பூமி சுற்றுவதற்கு ஈடுகொடுத்து அது மெல்லத் திரும்பும். அதற்கு வட துருவ நட்சத்திரம் தெரிந்தாக வேண்டும். எங்கள் தண்ணீர்த் தொட்டி அதைச் சரியாக மறைத்துக்கொண்டு நின்றது. மூன்று முறை முக்காலியை இடம் மாற்றினார். பிறகு லென்ஸைக் கூர்மையாக்க வேண்டும். தொலைவில் இருக்கும் வெளிச்சத்தைப் பார்த்துச் செய் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அக்கா வயலின் கடைசி வரிசையில் கடைசி விளக்கைத் தேர்ந்தெடுத்தார். அது ஊசி முனையாகத் தெரிந்ததும் லென்ஸ் நகராதபடி டேப் ஒட்டினார். எனக்கும் காட்டினார். அழகாக இருந்தது.

சரியாக இரண்டு மணிக்கு விளக்குகள் வரிசை வரிசையாக அணைந்தன. முதலில் எதிர் வயல், பிறகு எங்களுடையது, கடைசியில் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். நான்கு வருடத்தில் அந்த நேரத்தில் நான் மாடிக்கு வந்ததில்லை. வானம் ஒரு படி கீழே இறங்கி வந்த மாதிரி இருந்தது. திருவாதிரை சிவப்பாக, பக்கத்தில் வரிசையாக மூன்று நட்சத்திரம், அதற்குக் கீழே ஒரு மங்கல். அந்த மங்கல்தான் அக்காவுக்கு வேண்டிய நெபுலா, வானத்து வாயு மேகம்.

கேமரா ஒரு நிமிடத்துக்கு ஒரு படமாகத் தானே எடுக்க ஆரம்பித்தது. அக்கா பூ வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"தங்கச்சி, இந்த வெளிச்சம் அங்க இருந்து கிளம்பி ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேல ஆகுது. நான் ரெண்டு மணி வரைக்கும் முழிச்சிருந்தா குறைஞ்சா போயிடுவேன்?"

மூன்று மணி தாண்டியதும் ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். அதற்கடுத்ததையும். ஒவ்வொரு நட்சத்திரமும் சூப்பில் மிதக்கும் மீன் உருண்டை மாதிரி உப்பியிருந்தது. ஐம்பத்திரண்டு படமும் அப்படியே.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்காவோ வயலையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்த விளக்கு அறுநூறு மீட்டர். எனக்குத்தான் அது தூரம். நட்சத்திரத்துக்கு அது வாசப்படி! பூக்காரிங்கிறது சரியாத்தான் இருக்கு, விளக்கத் தவிர வேற எதையும் பார்க்கத் தெரியல."

சொல்லிவிட்டு டேப்பைப் பிய்த்தார். இருப்பதிலேயே பிரகாசமான நட்சத்திரத்துக்குக் கேமராவைத் திருப்பி, திரையில் பெரிதாக்கி, மயிரிழை மயிரிழையாக லென்ஸைத் திருகினார். புள்ளி சுருங்கியது, மறுபடி உப்பியது, திரும்பவும் சுருங்கியது. பனி லென்ஸில் படிந்தது. கையைச் சூடாக்கப் பையில் வைத்திருந்த சூட்டுப் பொட்டலத்தை, பனி உலர, பூக்கட்டுக்குப் போடும் ரப்பர் வளையத்தால் லென்ஸைச் சுற்றிக் கட்டினார். ஒன்றைக்கூட அவசரமாகச் செய்யவில்லை. நானாக இருந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டுப் படுத்திருப்பேன்.

மறுபடி முதல் படம் எடுக்கும்போது மூன்று இருபத்தைந்து. நாலரைக்குச் சந்தை லாரி வந்துவிடும். பூவைக் கட்டுவது அக்காவின் வேலை. அவர் கைப்பிடிச் சுவரோரம் போய்க் கீழே எட்டிப் பார்த்தார். அதற்குள் அண்ணன் படியேறி வந்தார்.

"எத்தனை கட்டு இருக்கு?" என்று கேட்டார்.

"நூத்தி இருபது. இதோ வர்றேன். நீ கட்டினா சந்தைக்காரன் திருப்பி அனுப்பிடுவான்."

"அனுப்பட்டும். நீ இங்கயே இரு. கீழ வந்தா கால உடைச்சிடுவேன்."

அண்ணனும் நானும் கீழே போய்க் கட்டினோம். பத்துப் பூவின் தலையும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும், பிறகு காகிதம் சுற்ற வேண்டும். என் கட்டுகளைப் பார்த்து அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "தங்கச்சி, இது பூ. விறகில்ல!" அவருடையதும் ஒன்றும் உசத்தி இல்லை. பதினேழு கட்டு அன்றைக்கே திரும்பி வந்தது.

லாரி போன பிறகு அக்கா இறங்கி வந்தார். ஐம்பத்தெட்டுப் படம். பூ பிரிக்கும் மேசையிலேயே கணினியைத் திறந்து, எல்லாவற்றையும் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கும் வேலையை அதனிடம் கொடுத்தார். முதலில் வெறும் கறுப்பு. பிறகு அவர் வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட, கறுப்புக்குள்ளிருந்து இளஞ்சிவப்பாக ஒன்று சிறகு விரித்தது. நடுவில் வெள்ளை, ஓரமெல்லாம் புகை. எங்கள் மாடிக்கு மேலே இவ்வளவு நாளும் இது இருந்திருக்கிறது.

அண்ணன் குனிந்து, பூவைத் தரம் பிரிக்கும்போது பார்ப்பது போல நிதானமாகப் பார்த்தார். "முதல் தரம்," என்றார்.

"ரெண்டாம் தரம். புள்ளி புள்ளியா இருக்கு பாரு," என்றார் அக்கா. ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை வகுப்புக்கு நானும் போனேன். திரையில் படம் வந்ததும் ஜுவாங் எழுந்து பக்கத்தில் போய்ப் பார்த்தார்.

"விளக்கு?"

"எல்லாம் எரிஞ்சுது சார். ரெண்டு மணிக்கு வழக்கம்போல அணைஞ்சதும் எடுத்தேன்."

"இடது மூலையில நட்சத்திரம் இழுத்திருக்கே."

"ஆமா. முக்காலிய உதைச்சிட்டேன். அந்த எட்டுப் படத்தத் தூக்கிப் போட்டிருக்கணும், மனசு வரல. அதுக்கு முன்னாடி எடுத்த ஐம்பத்திரண்டும் குப்பை."

ஜுவாங் தன் இடத்துக்குத் திரும்பினார். "மலைக்குப் போனா நான் ஒரு மணிக்கே காருக்குள்ள தூங்கிடுவேன்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அவரும்.

படத்துக்குக் கீழே வைக்கும் அட்டையில் எடுத்த இடத்தை எழுதச் சொன்னார் டீச்சர். அக்கா ஊர், தெரு, சந்து எண், வீட்டு எண், மூன்றாவது மாடி என்று எழுதிக்கொண்டே போனார்.

"ஊர் பேரு போதும் ஸூபின்," என்றார் டீச்சர்.

"முழுசா இருக்கட்டும் டீச்சர். யாருக்காவது சந்தேகம்னா நேர்ல வந்து பார்க்கட்டும்."