முதலில் யார் போவது?

சபை அலுவலகத்துத் தொலைபேசியில் வேதாகமச் சந்தேகங்களுக்குப் பதில் சொல்கிறவளுக்கு "வசனம் அக்கா" என்று பெயர். பகலெல்லாம் தையல் கடையில் மற்றவர்களுக்கு அளவெடுத்துவிட்டு, மாலையில் வந்து உட்கார்ந்தால் தோளுக்கும் காதுக்கும் நடுவில் ரிசீவர், மடியில் வேதாகமம். எந்தக் கேள்விக்கும் அதிகாரம், வசனம் என்று அடித்துச் சொல்லிவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அன்று முதலில் கூப்பிட்டவர், பிரசங்கத்தின்போது தூங்குவது பாவமா என்று கேட்டார்.

"பவுல் பேசப் பேச ஒரு பையன் தூங்கி, மூணாவது மாடி ஜன்னல்லேருந்து கீழ விழுந்துட்டான். அப்போஸ்தலர் இருபதாம் அதிகாரம். பவுல் திட்டல, ஓடிப்போய்க் கட்டிப் பிடிச்சார். அப்புறமும் விடியற வரைக்கும் பேசினார்."

"அப்போ தூங்கலாமா?"

"ஜன்னல் ஓரமா உட்காராதீங்க."

அடுத்த அழைப்பு, ஆதாம் ஏவாளின் மகன் காயீனுக்குப் பெண் கொடுத்தது யார் என்று. இது அடிக்கடி வரும். காயீன் கல்யாணத்தில் ஊருக்கே அப்படி ஓர் அக்கறை.

மூன்றாவது அழைப்பில் யாரோ வாயைத் துணியால் பொத்திக்கொண்டு பேசினார்கள்.

"பியானோ டீச்சருங்களா? இன்னிக்கு உங்க முறைதானே?"

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. துணி என்ன, தலையணையையே வைத்து அமுக்கினாலும் அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். அவள் ஓரகத்தி. கொழுந்தனின் மனைவி. ஒரே வீட்டில் இவள் கீழே, அவள் மாடியில். இன்று தொலைபேசியில் உட்கார வேண்டியவள் பியானோ டீச்சர்; அவளுக்குக் காய்ச்சல் என்று இவள் முறை மாற்றிக்கொண்டு வந்தது மாடியில் இருப்பவளுக்கு எப்படித் தெரியும்?

"ம்" என்றாள் அக்கா, மூக்கால். பொய் என்று சொல்ல முடியாது. ஒரு "ம்"தானே.

"ஒருத்தங்ககூட நான் பேசறதில்லைங்க. வர்ற ஞாயித்துக்கிழமை திருவிருந்து, அப்பமும் ரசமும் தருவாங்க. மனசுல இவ்வளவு வெச்சுக்கிட்டு அதுல கை நீட்டலாமா?"

"என்ன நடந்துச்சு?" என்று அதே மூக்கால் கேட்டாள் அக்கா, நடந்தது என்னவென்று நன்றாகத் தெரிந்துகொண்டே.

"சபை விருந்துக்கு முதல் முதலா நானே கேக் செஞ்சேன். எங்க வீட்டுப் பெரியவங்க ஒருத்தங்க, அத்தனை பேர் முன்னாடி, 'இதுக்குக் கத்தி பத்தாது, ரம்பம் கொண்டு வாங்க'ன்னுட்டாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வீட்டுக்குப் போய்த்தான் அழுதேன்."

அழுதாளா? அது அக்காவுக்குப் புதுச் செய்தி. அவளுக்குத் தெரிந்ததெல்லாம், அதற்கு மறுநாள் ஓரகத்தி பாடகர் குழுவில் "வாய் நிறைய வசனம், நாக்கு நிறைய விஷம்" என்று சொன்னதுதான். அன்றிலிருந்து ஒருத்தி படியில் இருந்தால் மற்றவள் கதவுக்குப் பின்னால் நிற்பாள்.

"கேக் கல்லு மாதிரி இருந்துச்சா இல்லையா, அதைச் சொல்லு" என்று நுனி நாக்கு வரை வந்ததை அக்கா விழுங்கினாள்.

"எப்படியும் மாசக் கடைசியில வேற வீட்டுக்குப் போறோம். அதுக்குள்ள இதுக்கு ஒரு வழி தெரிஞ்சா நல்லாயிருக்கும்."

அக்கா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள். கொழுந்தன் ஒரு வார்த்தை சொல்லவில்லையே! மாடி காலியாகிவிட்டால்? தலைக்கு மேலே அந்தச் செருப்புச் சத்தம் கேட்காதா? கோபித்துக்கொள்ளவாவது வீட்டில் ஓர் ஆள் வேண்டாமா? அவளைப் போக விடக் கூடாது. ஆனால் முதலில் இறங்கி வரவேண்டியது அவள்தான். அதற்கும் வசனம் இல்லாமலா போகும்?

"மத்தேயு ஐந்து" என்றாள் வேகமாக. "காணிக்கை கொண்டு வந்த இடத்துல சகோதரன் ஞாபகம் வந்தா, காணிக்கையை அங்கேயே வெச்சுட்டு முதல்ல போய் சமாதானமாகணும். அதனால நீங்கதான் போகணும்."

"இருங்க, என் கையிலயும் வேதாகமம் இருக்கு." பக்கம் புரளும் சத்தம். "உன்பேர்ல அவனுக்குக் குறை இருந்தான்னுல்ல போட்டிருக்கு? இங்க குறை எனக்குத்தானே? அப்போ அவங்கல்ல கிளம்பி வரணும்?"

அக்கா குனிந்து பார்த்தாள். ஆமாம், அப்படித்தான் போட்டிருந்தது. எத்தனை பேருக்கு வாசித்துக் காட்டிய வசனம்! அது இப்படி ஒருநாள் அவள் பக்கமே திரும்பும் என்று நினைக்கவில்லை.

விடுவாளா? "அதே மத்தேயு, பதினெட்டு. உனக்கு ஒருத்தன் தப்பு செஞ்சா, நீ போய்த் தனியா பேசுன்னு இருக்கு."

"என்னங்க இது? செஞ்சவங்களும் போகணும், பட்டவங்களும் போகணும். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கிளம்பினா?"

"படியில முட்டிக்க வேண்டியதுதான்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். மறுமுனையில் துணி விலகியது.

"எங்க வீட்டுல படி இருக்கிறது டீச்சருக்கு எப்படித் தெரியும்?"

அக்கா வேதாகமத்தின் பக்கங்களைத் தள்ளினாள். ஒன்றும் அகப்படவில்லை.

"அக்கா?"

"கேக் நல்லாத்தான் இருந்துச்சுடி" என்றாள் சொந்தக் குரலில்.

"பொய் சொல்லாதீங்க. பத்துக் கட்டளையில இருக்கு."

"சரி, கல்லுதான். ஆனா உன்னைப் பார்த்து அத்தனை பேரையும் சிரிக்க வெச்சது என் திமிர். மன்னிச்சுடு. வீட்டை விட்டுப் போகாத."

ரிசீவரில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை.

"இது எந்த அதிகாரம்?"

"அதிகாரமெல்லாம் இல்லடி. நானாத்தான் சொல்றேன். நீ அங்கேயே இரு, இதோ வர்றேன்."

ரிசீவரை அதன் இடத்தில் வைக்கக்கூட நிற்காமல், செருப்பை இடமும் வலமும் மாற்றி மாட்டிக்கொண்டு அவள் தெருவில் இறங்கிவிட்டாள். மேஜைமேல் கிடந்த ரிசீவர், "அக்கா, நானும் கிளம்பிட்டேன்" என்று காலி அறையிடம் சொல்லிக்கொண்டிருந்தது.