அம்புக்குறி ஒட்டிய இசைத்தட்டுகள்

என் மனைவி கலைமகள் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருந்தாள். தைத்து வரும் துணியில் ஓட்டை, கறை, நூல் விட்டது என்று எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தில் ஒரு சிறு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். பெரிய பிழைக்குச் சிவப்பு, அது மேஜர். சின்னப் பிழைக்கு மஞ்சள், அது மைனர். சரிசெய்ய முடியாதவை செகண்ட்ஸ் என்று ஒதுக்கப்பட்டு எடைக்குப் போகும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் இசைத்தட்டு வாங்கப் போவாள். பக்கத்துக்கு ஒரு பாட்டு மட்டும் இருக்கும் சின்னத் தட்டு. எல்லோரும் தேடுகிற சினிமாப் பாட்டு அவளுக்கு வேண்டாம். உர விளம்பரம், சிறுசேமிப்புப் பிரச்சாரம், யாரென்றே தெரியாத ஒருவர் சொந்தச் செலவில் பாடிய முருகன் பாட்டு, இவைதான் வேண்டும். மூடிப்போன சவுண்டு சர்வீஸ்காரர்கள் பரணில் ஏறி எடுத்துக் கொடுத்துவிட்டு, "இதையா கேக்கறீங்க?" என்று இரண்டாம் தடவை விசாரிப்பார்கள்.

வாங்கி வந்ததைத் துடைத்துப் பிளேயரில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள். பாட்டை அவள் கேட்பதில்லை. பாட்டுக்குப் பின்னால் யாராவது இருமுகிறார்களா, நாற்காலி கிறீச்சிடுகிறதா, ஸ்டுடியோவுக்கு வெளியே நாய் குரைக்கிறதா என்று கேட்பாள். அகப்பட்டால் தட்டின் நடுவிலுள்ள லேபிளில் அம்புக்குறி ஒட்டுவாள். இருமல் மஞ்சள். நாற்காலி சிவப்பு. நாய்க்குச் சிவப்பு கொடுத்தது அதிகம் என்று எனக்குத் தோன்றும். சொன்னதில்லை.

"கீறல் இருக்குதே, அது பிழையில்லையா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அது நாம பண்ணுனதுங்க. கணக்குல வராது. இருமல் அவங்க பண்ணுனது."

அம்பில்லாத தட்டுகள், அவள் இன்னும் கேட்காதவை அல்லது கேட்டு ஏமாந்தவை. அவற்றைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவாள். அம்பு ஒட்டியவை அலமாரியில் இருக்கும்.

கடைசியாகச் சோமனூரில் கிடைத்தது ஒரு பனியன் விளம்பரப் பாட்டு. கடைக்காரர்களுக்கு இலவசமாகக் கொடுத்த தட்டு. இரண்டாவது சரணத்தில் பாடுகிற அம்மாள் மூச்சு வாங்கும்போது, பக்கத்தில் யாரோ டம்ளரை மேசைமேல் வைக்கிறார்கள். கலைமகள் எழுந்து நின்றுவிட்டாள். அன்று சமையல் தாமதமானது. டம்ளர் மேஜரா மைனரா என்று அவளால் சொல்ல முடியவில்லை. "யோசிக்கோணும்" என்று இரண்டு நிறத்தையும் ஒட்டி வைத்தாள். ஆவணியில் காய்ச்சலில் படுத்தாள், எழவில்லை.

காரியத்துக்கு வீட்டை ஒதுக்கப் பூங்குழலி வந்தாள். கலைமகளிடம் வேலை பழகிய பெண், தென்காசிப் பக்கம். நான் ஐயரைப் பார்க்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது, கட்டிலுக்கடியில் கிடந்த தட்டுகள் துடைக்கப்பட்டு, ஆறு ஆறாகப் பாலிதீன் பையில் போடப்பட்டு, மேசைமேல் இருந்தன. அலமாரி காலி.

"நல்லதெல்லாம் பேக் பண்ணிட்டேம்ணே. டேமேஜ் பூராத்தையும் செகண்ட்ஸ்காரருக்குக் குடுத்துட்டேன்."

"டேமேஜ்னு எப்படித் தெரிஞ்சுது?"

"என்னண்ணே இப்படிக் கேக்கிய? அக்காவே அம்பு ஒட்டி வச்சிருக்காவ."

அவள் செய்ததில் ஒரு பிழையும் கிடையாது. கலைமகள் கற்றுக்கொடுத்தபடிதான் செய்திருந்தாள். அம்பு ஒட்டியவைதான் கலைமகளுக்கு வேண்டியவை என்று விளக்கினேன். பூங்குழலி தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து, "வண்டிய எடுங்கண்ணே" என்றாள்.

ராயபுரத்தில் அந்த செகண்ட்ஸ்காரர் மாரப்பனின் குடோன், பனியன் மூட்டைகளுக்கு நடுவே ஒரு ஆள் போகிற வழி. மாரப்பன் எங்களை உட்காரச் சொல்லிவிட்டு ஒரு சாக்கை இழுத்து வந்தார். எல்லாத் தட்டுகளும் இருந்தன. ஒன்றை எடுத்துத் திருப்பினேன். அம்பு இல்லை. இன்னொன்றிலும் இல்லை.

"ஸ்டிக்கரோட வித்தா எவனுங்க வாங்குவான்? ஒவ்வொண்ணா உரிச்சு, கறை எடுக்கற மருந்தைத் தொட்டுத் தொடச்சிருக்கறனுங்க. பாருங்க, கண்ணாடியாட்ட இருக்குது."

உண்மைதான். பசை இருந்த தடம்கூட இல்லை.

"பாத்தீங்களாங்ணா? டேமேஜ் கண்ணுக்கே தெரியாம பண்ணிப்போட்டனுங்க" என்றார், பாராட்டை எதிர்பார்த்து.

"நல்லாப் பண்ணியிருக்கீங்க" என்றேன். பூங்குழலிதான் கேட்டாள், "உரிச்ச ஸ்டிக்கர் எங்கேண்ணே?" மேசை மூலையிலிருந்து எலுமிச்சம்பழ அளவில் ஒரு உருண்டையை எடுத்துக் கொடுத்தார். சிவப்பும் மஞ்சளுமாக அம்புகள், எல்லாத் திசையையும் காட்டிக்கொண்டிருந்தன. சாக்கோடு அதையும் வாங்கிக்கொண்டோம். கலைமகளின் சரக்கு என்று தெரிந்ததும் மாரப்பன் காசு தொடவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூங்குழலி இரண்டு ஸ்டிக்கர் ரோலோடு வந்தாள். ஒவ்வொரு தட்டையும் இரண்டு பக்கமும் கேட்க வேண்டும், ஒருவர் மட்டும் கேட்டால் போதாது, இருவர் காதிலும் விழுந்தால்தான் அம்பு என்று விதி போட்டாள். உர விளம்பரத்தில் எனக்கு ஒரு தும்மல் கேட்டது.

"தும்மலும் இல்ல ஒண்ணுமில்லண்ணே. அது மிருதங்கம்."

"தும்மல்தான் அம்மிணி."

"அப்போ மறுக்கா போடுங்க."

மூன்றாம் முறையில் மிருதங்கம் என்று ஒப்புக்கொண்டேன். அந்த முருகன் பாட்டை இத்தனை வருடத்தில் முதல்முறையாக முழுதாகக் கேட்டேன். பாட்டு சுமார்தான். ஆனால் முடிவில் ஒருவர் மெதுவாக "அப்பாடா" என்கிறார். மஞ்சள்.

சாயங்காலம் பனியன் பாட்டு வந்தது. முதல் சரணம் போயிற்று. இரண்டாவதில் அந்த அம்மாள் மூச்சு வாங்கினாள். டம்ளர் மேசையில் அமர்ந்தது. பூங்குழலி கையைத் தூக்கினாள். நானும் தூக்கியிருந்தேன்.

பிளேயரை நிறுத்தினேன்.

"மேஜரா, மைனராண்ணே?"

"இப்போதைக்கு ரெண்டையும் ஒட்டு அம்மிணி" என்றேன். "யோசிக்கோணும்."