சுற்றி முடித்த கையில் எடுத்த ரத்தம்

சாரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்ட நாள் முதல் பெயிண்டருக்கு இடுப்புக்குக் கீழே எதுவும் வேலை செய்யவில்லை. கோபம் மட்டும் முன்பைவிட நன்றாகவே வேலை செய்தது. அன்று அதற்கு நல்ல தீனி கிடைத்தது.

கையால் சுற்றும் சைக்கிளை அவர் ஒன்பது வாரமாகச் சுற்றிக்கொண்டிருந்தார். அது ஒரு ஆய்வு. தண்டுவடத்தில் அடிபட்டவர்களுக்கு உடம்பின் செல்களில் துருப்பிடிப்பது போல ஒரு சேதம் நடக்கிறதாம். உடற்பயிற்சி அதைக் குறைக்கிறதா என்று மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அன்று டாக்டர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டார். எல்லோருக்கும் துரு இறங்குகிறது, உங்களுக்கு மட்டும் மூன்று முறையும் ஏறியிருக்கிறது, பயிற்சி உங்களுக்கு ஒத்துவரவில்லை, நாளையிலிருந்து வரவேண்டாம்.

வரவேண்டாமாம். இந்தச் சைக்கிள் பயிற்சி தொடங்கும்வரை அவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தூக்கியது அவருடைய மனைவி. தூக்கித் தூக்கி அவள் இடுப்பும் போய்க்கொண்டிருந்தது. ஒரே வீட்டில் இரண்டு பேர் படுத்துக்கொண்டால் யார் யாரைத் தூக்குவது?

சக்கர நாற்காலியை விறுவிறுவென்று தள்ளிக்கொண்டு ரத்தம் எடுக்கும் அறைக்குப் போனார். எனக்கு மட்டும் ஏன் ஏறுது என்று அங்கிருந்த பெண்ணிடம் கேட்டார். அவளுக்கும் புரியவில்லை. மற்றவர்களுக்கு வந்தவுடன் எடுத்துவிடுவதாகவும், அவருக்கு மட்டும் பயிற்சி முடிந்த பிறகு எடுப்பதாகவும் சொன்னாள். முதல் நாள் நரம்பு கிடைக்காமல் கையைச் சல்லடையாக்கிய பிறகு, மறுபடியும் அப்படிக் குத்த அவளுக்கு மனசு கேட்கவில்லை. சைக்கிள் சுற்றி முடித்தால் நரம்பு தானாக எழும்பி நிற்கிறது. சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

“சுத்தி முடிச்ச உடனே அந்தத் துரு கொஞ்ச நேரம் ஏறித்தான் இருக்கும்ணா. எனக்கே தெரியும். நரம்பைப் பாத்தேன், நேரத்தைப் பாக்கல.”

பெயிண்டர் அவளைத் திட்டவில்லை. வந்த வழியே திரும்பி, கதவைத் தட்டாமல் டாக்டரின் அறைக்குள் நுழைந்து நடந்ததைச் சொன்னார். டாக்டர் பெருமூச்சு விட்டார். அப்படியானால் தப்பு அந்தப் பெண்ணுடையது, அவளிடம் விளக்கம் கேட்கப்படும் என்றார். உங்கள் கணக்கு எப்படியும் கெட்டுவிட்டது, சைக்கிளை வேறொருவருக்கு ஒதுக்கியாயிற்று என்றும் சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணுக்கான கடிதத்தைத் தட்டச்சு செய்யத் தொடங்கினார்.

பெயிண்டருக்கு உச்சந்தலை வரை சூடேறியது.

“அந்தப் பொண்ணாவது என் கையைப் பாத்துச்சு. நீங்க எதைப் பாத்தீங்க சார்?”

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நோயாளிகளைப் படுக்க வைக்கும் கட்டிலின் ஓரம் நாற்காலியைக் கொண்டுபோய்ப் பூட்டினார். ஒரு கை கட்டிலில், ஒரு கை நாற்காலியில். தோள் நடுங்கியது, பல்லைக் கடித்துக்கொண்டார். உடம்பு எழும்பி, நகர்ந்து, கட்டிலில் உட்கார்ந்தது. கால்களை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்துச் சரியாக வைத்தார்.

தட்டச்சுச் சத்தம் நின்றிருந்தது. ஒன்பது வாரத்தில் முதல் முறையாக டாக்டர் அவரை முழுசாகப் பார்த்தார்.

“இது எப்பலேருந்து?”

“அஞ்சு வாரமா. என் பொண்டாட்டி என்னைத் தூக்கி அஞ்சு வாரம் ஆச்சு. இன்னிக்குத்தான் கேக்கறீங்க.”

டாக்டர் கடிதத்தை அழித்தார். இரண்டு நாள் ஓய்வெடுத்துவிட்டு, வந்தவுடன் ரத்தம் கொடுக்கச் சொன்னார். சைக்கிளும் அவருக்கே இருக்கட்டும் என்றார். பிறகு, நீங்கள் போகலாம் என்றார்.

மன்னிப்பு என்ற வார்த்தை மட்டும் வரவில்லை. பெயிண்டர் கட்டிலை விட்டு அசையாமல் காத்துக்கொண்டிருந்தார்.