ஐந்தாவது எலும்பு

என் அண்ணனின் பல்லை உடைத்தது நான்தான். அதில் எனக்கு இன்றுவரை துளியும் வருத்தமில்லை.

நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். அண்ணன் பளுதூக்குதல் பயிற்சியாளன். அவனிடம் பயிற்சி எடுக்கும் பிள்ளைகளில் அவன் மகளும் ஒருத்தி. பன்னிரண்டு வயது. ஆள் பொடிசு என்பதால் வீட்டில் அவள் பெயர் சுண்டெலி. ஒரு வாரமாகக் குனிந்து செருப்பு மாட்ட முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவளை நானே கூட்டிப்போய்ப் படம் எடுத்தேன். கீழ்முதுகில் ஐந்தாவது எலும்பில் மெல்லிய விரிசல்.

"மூணு மாசம் பாரமே தொடக்கூடாது. தானா கூடிடும். தூக்கினா எலும்பு நழுவி நரம்பை அழுத்திடும்" என்றார் டாக்டர். சுண்டெலி வெளியே உட்கார்ந்திருந்தாள். 'சும்மா தசைப்பிடிப்புதான்' என்று அவளிடம் சொல்லிவைத்தேன். பிள்ளையை எதற்குப் பயமுறுத்த வேண்டும் என்ற நினைப்பு.

மறுநாள் காலை படத்தோடு பயிற்சிக் கூடத்துக்குப் போனேன். தேர்வுப் போட்டிக்கு நான்கு நாள்தான் இருந்தது. அண்ணன் மேடையில் இரும்புக் கம்பியின் இரு பக்கமும் தட்டு மாட்டிக்கொண்டிருந்தான். சுண்டெலி மூலையில் நின்று இடுப்பு பெல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இன்னும் வரவில்லை.

அவனைத் தனியே இழுத்துப்போய், விஷயத்தைக் காதோடு சொல்லிப் படத்தை நீட்டினேன். ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு நொடி பார்த்தான்.

"இந்தக் கோடு எனக்கும்தான் இருக்கு. நான் நடக்கலையா? போடி, வேலையப் பாரு."

படத்தை மடித்துக் குப்பைக் கூடையில் போட்டான்.

எனக்குக் கண்மண் தெரியவில்லை. சட்டையைக் கொத்தாகப் பிடித்து உலுக்கினேன். அவன் தள்ளிய வேகத்தில் என் பின்மண்டை இரும்புத் தாங்கியில் மோதியது. நாக்கு கடிபட்டு வாயெல்லாம் ரத்தம் கரித்தது. கையில் அகப்பட்டது ஒரு சின்ன இரும்புத் தட்டு. ஓங்கி அவன் வாயில் போட்டேன். பல் ஒன்று ரப்பர் விரிப்பில் விழுந்தது. அவன் என் தலைமுடியைப் பிடித்திழுக்க, நான் அவன் மணிக்கட்டைக் கடிக்க, இருவரும் தரையில் உருண்டோம். சின்ன வயதில் அம்மா துடைப்பத்தோடு வந்து பிரித்துவிடுவாள். இப்போது பிரிக்க ஆளில்லை.

"உனக்குப் பொண்ணு வேணுமா, மெடல் வேணுமாடா?" அண்ணனை 'டா' போட்டது அன்றுதான் முதல்முறை.

"என் பொண்ணுக்கு ஒண்ணும் இல்ல! நீதான் அவளை நோயாளி ஆக்குற!"

என் விலாவில் உதைத்தான். மூச்சே நின்றுபோனது.

"அப்பாவ விடுங்க அத்தை! எனக்கு ஒண்ணுமே இல்ல, பாருங்க!"

இருவரும் திரும்பினோம். சுண்டெலி மேடையில் வலியைப் பொறுத்துக் குனிந்து கம்பியைப் பிடித்திருந்தாள். நான் கத்த வாயெடுத்தேன், குரல் எழும்பவில்லை. அண்ணனுக்கு எழும்பியது. ரத்தம் ஒழுகும் வாயோடு, இத்தனை வருஷப் பழக்கத்தில், "முதுகு நேரா!" என்றான்.

சொன்னபடியே முதுகை நிமிர்த்தித் தூக்கினாள். கம்பி முழங்காலைத் தாண்டியது. சட்டென்று கையைவிட்டு நழுவி மேடை அதிர விழுந்தது. அவளும் அப்படியே மடங்கி உட்கார்ந்தாள்.

"அத்தை, கால் இருக்கறதே தெரியல."

தவழ்ந்துபோய் அவளைப் பிடித்துக்கொண்டேன். "ஏண்டி தூக்கினே? எலும்புல விரிசல்டி உனக்கு!"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அவள் அப்பாவைப் பார்த்தாள்.

"எங்கிட்ட சொல்லவே இல்லையே அத்தை."