பத்துத் தடவை சொல்லு

நைஜீரியாவின் இபாடான் நகரில் எங்கள் பள்ளியை நடத்தும் திருமதி அகின்டேலேவுக்கு ஒரே ஒரு கொள்கைதான். பிள்ளைகள் தங்களைப் பற்றி நல்லதாக மட்டுமே பேச வேண்டும். தினமும் காலையில் முந்நூறு பிள்ளைகள் நெஞ்சில் கைவைத்து, "நான் புத்திசாலி! நான் வாலல்ல, தலை!" என்று கத்துவார்கள். அந்தத் தலைகளில் பாதி வெறும் வயிற்றோடு வந்தவை. கத்தினால் வயிறு நிரம்பிவிடும் என்று அம்மணிக்கு நினைப்பு.

நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. என் வகுப்பில் ஃபியின் என்ற எட்டு வயதுப் பெண். உயரமானவள் என்பதால் கடைசி பெஞ்சு. பள்ளி திறந்த முதல் வாரமே எழுந்து, "ஆன்ட்டி, போர்டு தெரியல" என்றாள். கெட்ட நேரம், வாசலில் அகின்டேலே மேடம் நின்றிருந்தார்.

"ஏய்! வாயால அப்படிச் சொல்லாத! சொன்னா அப்படியே ஆயிடும். 'எனக்கு நல்லாத் தெரியுது'ன்னு பத்துத் தடவை சொல்லு!"

சொன்னாள். வகுப்பே ஆமென் போட்டது. வெட்கங்கெட்ட நானும் போட்டேன். அவளை முன் பெஞ்சுக்கு மாற்றக்கூட எனக்குத் துணிச்சல் இல்லை. மாற்றினால் நம்பிக்கைக் குறைவாம், வேலை போய்விடுமாம்.

அதன்பிறகு ஃபியின் புகார் சொல்லவே இல்லை. மதிப்பெண்தான் அதலபாதாளத்துக்குப் போனது. பருவ முடிவில் அவளை இரண்டாம் வகுப்புக்கு இறக்கப் போவதாக மேடம் அவள் அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினார்.

அம்மா சந்தையில் மிளகாய் விற்பவர். பெரிய மனுஷியைப் பார்க்கப் போகிறோமே என்று, மேடம் கட்டுவது போலவே தலையில் உயரமாகத் துணி சுற்றிக் கட்டிக்கொண்டு வந்து கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றார். எங்கள் மூவரைத் தவிர வகுப்பில் வேறு யாரும் இல்லை. மேடம் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"உங்க பொண்ணுக்குத் தன்மேலயே நம்பிக்கை இல்லம்மா. அதான் மூளை ஓடல."

எனக்குப் பொறுக்கவில்லை. அம்மா வந்திருப்பது தெரியாமல் வெளியே காத்திருந்த ஃபியினைப் பின்வாசல் வழியாகக் கூட்டிவந்து அவள் இடத்தில் நிறுத்தினேன். பெரியவர்கள் இருவரையும் பேச வேண்டாம் என்று சைகை காட்டினேன்.

"ஃபியின், போர்டு பக்கத்துல நிக்கிறது யாருன்னு தெரியுதா?"

கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பிறகு கை நெஞ்சுக்குப் போனது.

"எனக்கு நல்லாத் தெரியுது ஆன்ட்டி!"

சட்டென்று, பெரியவர்களை வணங்கும் எங்கள் வழக்கப்படி இரண்டு முழங்காலும் தரையில் பட மண்டியிட்டு, பெற்ற தாயைப் பார்த்து, "குட் ஆஃப்டர்நூன், மேடம்" என்றாள்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். மேடத்துக்கோ முகமெல்லாம் பூரிப்பு.

"பாத்தீங்களா, எவ்வளவு தைரியமாச் சொல்றா!"

அம்மா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசி பெஞ்சுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கி நிறுத்தி, முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டார்.

"கண்ணாஸ்பத்திரிக்குப் போக வேண்டிய பிள்ளைய இத்தனை மாசமாக் கத்த விட்டிருக்க. நீயெல்லாம் ஒரு டீச்சரா?"

அதை அவர் கேட்டது மேடத்தை அல்ல. என்னைத்தான்.